வாலைத் தரையில் இறக்கியவர்

டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். ‘தேவாண்ணா’ என்ற பெயரில் இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொரு வருடமாக அந்தப் பெயர் என் போனில் ஒரு முறைகூட வந்ததில்லை. நம்பரை அழிக்கவும் மனம் வந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது தடவையும் அடித்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்று அடிக்கவிட்டு, நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தேன்.

“ஆன்ட்டி, ஜெனிஃபர் பேசறேன். அப்பா காலைல தவறிட்டாரு ஆன்ட்டி.”

ஒரு பெண் அப்பாவை இழந்து அழுகிறாள். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே மனிதர் என்ற கோபம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச்சொல்லி ஜெனிஃபர் கேட்டபோது, எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே பென்னலூர் தேவசகாயத்தை அறிந்த உங்கள் எல்லோருக்கும், முக்கியமாக ஒரகடம் ஷெட்டில் எங்களோடு வேலை செய்த எட்டுப் பேருக்கும், இது.

ஷெட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஃபைபர் வேலை. பஸ் டாஷ்போர்டு, வாட்ச்மேன் கூண்டு, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாம் செய்வோம். நான் வடக்குப்பட்டிலிருந்து டிராஃப்டிங் டிப்ளமோவோடு வந்தவள். படம் வரைந்து களிமண்ணில் உருவம் பிடிப்பது என் பாடு. அதிலிருந்து மோல்டு, அதாவது அச்சு எடுத்து, ரெசின் பசை பூசி, ஃபைபர் இழை விரித்து, பொருளாக வெளியே கொண்டுவருவது தேவாண்ணா பாடு. எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பூச்சுக்கு முன்னால் ஒரு சின்னக் காகிதச் சீட்டில் வேலை செய்தவர் பெயரை எழுதி உட்புறத்தில் வைத்து, அதன்மேல் ரெசின் பூசிவிடுவோம். காகிதம் கரைந்தமாதிரி ஆகிவிடும், எழுத்து மட்டும் உள்ளே நிற்கும். நாளைக்கு விரிசல் என்று பொருள் திரும்பி வந்தால், யாரைக் கேட்பது என்று குழப்பமில்லை. பேனா மை ரெசினில் ஓடிவிடும், பென்சில்தான் நிற்கும். எல்லோருடைய சீட்டையும் எழுதியவர் தேவாண்ணாதான். சர்ச் போர்டு எழுதிப் பழகிய கை. என் பெயரை அவ்வளவு அழகாக வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிட்ட வருடத்துக்கு முந்தைய வருடம் அந்த ஆர்டர் வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வரப்போகிற சிறுவர் பூங்காவுக்கு ஒரு டைனோசர். கடித்துக் குதறுகிற வகை இல்லை. நீண்ட கழுத்தும் நீண்ட வாலுமாக இலைதழை மட்டும் தின்று வாழ்ந்த சாரோபாட் இனம். பூங்காக்காரர்கள் மாதிரிக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேவாண்ணா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? ஒட்டகச்சிவிங்கி ஒடம்புல உடும்பு வால ஒட்டவச்ச மாதிரி கீது. இதப் பாத்து செஞ்சா ஊரே சிரிக்கும். நீ படிச்சிட்டு வந்து சொல்லு, நாம ஒழுங்கா செய்வோம்.”

படித்தேன். இரவல் வாங்கியும் நெட்டில் தேடியும் படித்ததையெல்லாம் பிரின்ட் எடுத்து ரெசின் டிரம்களுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பாடம். அவருக்கு ரொம்பப் பிடித்தது கழுத்து எலும்பு. அத்தனை நீளக் கழுத்தை அந்த மிருகம் எப்படித் தூக்கியது என்றால், எலும்புக்குள் எல்லாம் காற்றறைகள். பறவை எலும்பு மாதிரி. வெளியே கெட்டி, உள்ளே காலி. கேட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ அது நம்ம ஆளும்மா! நாமளும் அதத்தான செய்றோம்? உள்ள காலி, வெளிய கெட்டி. கடவுளும் ஃபைபர் வேலதான் பாத்துகினு இருந்திருக்காரு” என்றார். அன்று சாயங்காலம்வரை ஷெட்டில் ஒவ்வொருவரிடமும் போய் இதையே சொன்னார். முருகனிடம் மூன்று தடவை சொன்னதாக முருகனே அலுத்துக்கொண்டார்.

தலை ஏன் அவ்வளவு சின்னது என்பதற்கும் காரணம் படித்தேன். அது எதையும் மெல்லாது. குச்சி குச்சியான பற்களால் கிளையை உருவி அப்படியே விழுங்கிவிடும். மெல்லுகிற வேலையெல்லாம் வயிற்றுக்கு. பெரிய தொட்டி மாதிரி வயிற்றில் நாள்கணக்கில் ஊறிப் புளித்துத்தான் செரிக்கும். அரைக்கிற பல்லும் பெரிய தாடையும் வேண்டாம் என்பதால் தலை சிறுத்தது. தலை கனமில்லாததால் கழுத்து நீள முடிந்தது. கழுத்து நீண்டதால் நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் மேயலாம், அந்த மலை உடம்பை நகர்த்த வேண்டியதில்லை. தேவாண்ணா ஐந்து நிமிடத்தில் சாப்பாட்டை முடிக்கிற ஆள். “நீங்களும் மெல்லறதில்லையே, தலை ஏன் சிறுக்கல?” என்று கேட்டேன். “மொதல்ல கழுத்து நீளட்டும்மா, அப்புறம் பாக்கலாம்” என்றார்.

முட்டை விஷயம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பெரிய மிருகம் ஃபுட்பால் அளவுகூட இல்லாத முட்டைகளைக் குழியில் இட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். பொரிந்து வருகிற குஞ்சு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய மனைவி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. ஜெனிஃபர் நான்காம் வகுப்பு. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, “இத எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா” என்றார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வடக்குப்பட்டு பக்கம் ஏதோ கம்பெனி காம்பவுண்டுக்கு ஜேசிபி தோண்டிப் போட்ட மண்ணில், சீப்பு மாதிரி இலை பதிந்த ஒரு கல் எனக்குக் கிடைத்தது. அந்த மிருகங்கள் இருந்த காலத்து இலைப் பதிவுகள் இந்தப் பக்கத்து மண்ணில் கிடைப்பதுண்டு என்று படித்திருந்தேன். ஓடிப்போய் தேவாண்ணாவிடம் கொடுத்தேன். மறுநாள் ஷெட்டுக்குள் நுழைகிறேன், அவர் எல்லோரையும் சுற்றி நிறுத்தி, தான் நடந்து வரும்போது அந்தக் கல் காலில் இடறிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்துவிட்டேன். ஒரு கல்தானே என்று விட்டேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

ஆனால் சுதாரிக்க முடியாதபடி அவரே செய்த ஒரு காரியமும் உண்டு. கால்களுக்கு அளவெடுக்க நாங்கள் காஞ்சிபுரம் போய் ஒரு கோயில் யானையைப் பார்த்து வந்தோம். பாகன் அனுமதியோடு டேப் பிடித்து அளந்து, யானைக் காலைப் பார்த்தே நான்கு கால்களையும் களிமண்ணில் பிடித்தேன். வரிசையாக நகம் வைத்தேன். அவரும் மோல்டு எடுத்து முன்னங்கால் இரண்டையும் வார்த்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் படிக்கிறேன்: சாரோபாட்டின் முன்னங்காலில் அப்படி நகவரிசை கிடையாது. கை எலும்புகள் ஒரு தூண் மாதிரி வளைந்து செங்குத்தாக நிற்கும். அடித்தடம் குதிரை லாடம் போல இருக்கும். நாங்கள் செய்த வகைக்குக் கட்டைவிரலில் மட்டும் உள்பக்கம் திரும்பிய ஒரே ஒரு நகம். பெரிய நகங்களெல்லாம் பின்னங்காலில்தான். டைனோசருக்கு யானைக் காலை வைத்த தப்பை எங்கள் ஷெட்டைத் தவிர வேறு யாராவது செய்திருப்பார்களா, தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலாளி வந்து நின்றபோது நான் வாயைத் திறப்பதற்குள் தேவாண்ணா முந்திக்கொண்டார். “தப்பு எம்மேல சார். மோல்டு எடுக்கறப்ப நான்தான் சரியா பாக்கல” என்றார். மூன்று நாள் உளியோடு உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை மட்டும் விட்டு, மற்றதை ஒவ்வொரு நகமாகச் செதுக்கி எடுத்தார். உட்புறத்திலிருந்த என் பெயர்ச் சீட்டைச் சுரண்டிவிட்டு, தன் பெயரை எழுதி வைத்துப் பூசினார். ஏன் அண்ணா என்று கேட்டதற்கு, “யானைகிட்ட நீ மன்னிப்பு கேட்டுக்க. முதலாளிய நான் பாத்துக்கறேன்” என்றார். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஒரு மனிதரை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

பிறகு வால். அந்தப் பொம்மையில் வால் தரையில் கிடந்தது. எங்களுடையதில் இடுப்புயரத்தில் நீண்டு நின்றது. பாறைகளில் கிடைத்திருக்கிற காலடித் தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோட்டைக் காண்பது அபூர்வம். அதுமட்டுமில்லை, தொடையைப் பின்னுக்கு இழுக்கிற பெரிய தசை வாலின் அடியிலிருந்துதான் தொடங்குகிறது. வால் சும்மா பின்னால் தொங்குகிற சமாசாரம் இல்லை, அதை நடக்கவைப்பதே வால்தான். இதைச் சொன்ன அன்று தேவாண்ணா எழுந்து, கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “வால எறக்குனா அது நடக்காதுய்யா, பொணமாத்தான் நிக்கும்” என்றார்.

வேலை முடிய ஒரு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். பூங்காக்காரர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏறிச் சறுக்க வசதியாக வால் தரையில் இறங்க வேண்டுமாம். நான் காலடித் தடத்தையும் தசையையும் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். “பார்க்குக்கு வர பசங்க தசையையா பாக்கப் போறாங்க?” என்றார் முதலாளி. அப்போது தேவாண்ணா சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை, அவராகத்தான் சொன்னார். “வால தொட்டீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் திங்கக்கெழம வேலைக்கு வரமாட்டோம் சார்.” எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முதலாளி என்னைப் போகச் சொல்லிவிட்டு அவரை மட்டும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து, நான் வெளியூரில். திங்கட்கிழமை காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது. வால் அடியில் அறுக்கப்பட்டு, சாய்த்து ஒட்டப்பட்டு, நுனி தரையில் கிடந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. தேவாண்ணா குனிந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். “முதலாளி வெளியாள வச்சு அறுத்துட்டாரும்மா. நான் சர்ச்சுக்கு பூட்டேன்” என்றார். “சரி, வாங்க போலாம்” என்றேன். அவர் நிமிரவே இல்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு தனியாகப் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலைத் தாண்டும்போது ஷெட்டிலிருந்த உங்களில் ஒருவர்கூட என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளிக்குப் பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஒரகடம் கூட்டுரோட்டில் உங்களைப் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். தேவாண்ணா என்னோடு வரவில்லையே என்ற ஒரே வருத்தத்தைத்தான் இத்தனை வருடம் நான் சுமந்தேன். அதையும் ஒருபக்கம் நியாயப்படுத்திக்கொள்வேன்: தாயில்லாத பெண்ணை வைத்திருக்கிறவர், வேலையை விட்டால் என்ன செய்வார்?

துக்க வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஷோகேஸில் என் இலைக்கல் இருந்தது. முருகன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“இன்னா கோமதி, இப்பவாவது வந்தியே. அவரு ஒன்னிய எப்பவோ மன்னிச்சிட்டாரு தெரியுமா?”

“எதுக்கு மன்னிக்கணும்?”

“அட, பழசு வுடு. முதலாளி கூப்ட்டாருன்னு ஞாயித்துக்கெழம வந்து வால அறுத்துக் குடுத்துட்டு, அப்பால மூஞ்சில முழிக்க முடியாமத்தான பூட்ட? சின்னப் பொண்ணு, பயந்துடுச்சின்னு அவருதான் எங்கள்ட்ட சொன்னாரு. சீட்டுல ஒம்பேரக்கூட பாத்தோமே.”

நான் பதில் சொல்வதற்குள் ஜெனிஃபர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரில அப்பா உங்களப் பத்திதான் ஆன்ட்டி பேசினாரு. ‘வால அறுத்தத நான் மனசுல வச்சுக்கலன்னு கோமதிகிட்ட சொல்லிடு’ன்னு சொன்னாரு” என்று சொல்லி அழுதாள். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்ல? “சரிம்மா” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனேன். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வர்ணம் இரண்டு மூன்று முறை மாறிவிட்டது. குழந்தைகள் வரிசையாக ஏறி வாலில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். வால் சேர்கிற இடத்துக்குக் கீழே தலை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. அதற்குள் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து போன் லைட்டை அடித்தேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். “இன்னா மேடம், எதுனா வுழுந்துடுச்சா?” என்றார். “இல்லப்பா, ஒன்னு பாக்கணும்” என்றேன்.

வெளியாள் வேலை இல்லை அது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஃபைபரை அடுக்கடுக்காகக் குறைத்துக்கொண்டே வந்து, விரலால் தடவினால் விளிம்பே தெரியாதபடி முடித்திருந்தது. அந்த நேர்த்தி எங்கள் ஷெட்டில் ஒரே ஒருவர் கைக்குத்தான் வரும். பக்கத்தில் சீட்டு. பென்சில் எழுத்து கொஞ்சமும் கலையவில்லை. ‘கோமதி’ என்று, சர்ச் போர்டு போல, குண்டு குண்டாக, அவ்வளவு அழகாக. நான் அன்று அந்த ஊரிலேயே இல்லை. ஏதோ பேச்சுவாக்கில் வாய்தவறிச் சொன்ன பொய்யாக இருக்கும், சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருப்பார் என்றுகூட நான் மனதைத் தேற்றிக்கொண்டுதான் போயிருந்தேன். அப்படியில்லை. ரெசின் காய்வதற்குள் உட்கார்ந்து, காகிதம் கிழித்து, பென்சில் சீவி, நிதானமாக எழுதியிருக்கிறார். முதலாளி அந்த அறையில் அவரிடம் என்ன சொன்னாரோ, எதைக் காட்டிப் பயமுறுத்தினாரோ தெரியாது. பயந்துதான் அறுத்தார் என்றால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். முன்னங்காலில் என் தப்புக்குத் தன் பெயர் போட்டவர், வாலில் தன் தப்புக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. மேலே ஒரு குழந்தை சறுக்கிப் போகிற சத்தம் கேட்டது. அங்கேயே படுத்தபடி அழுதேன். அவர் செத்ததற்கு நான் அழுததும் அப்போதுதான்.

போட்டோ எடுத்துக்கொண்டு ஜெனிஃபரிடம் போனேன். இதை அவளிடம் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள், குறையைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

“அப்பா எழுத்துதான்” என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எங்கிட்ட பொய் சொல்லமாட்டாருன்னு நெனச்சிருந்தேன் ஆன்ட்டி” என்றாள்.

“நானும் அப்படித்தாம்மா நெனச்சிருந்தேன். இத கூட்டத்துல வாசிக்கவா வேணாமா, நீயே சொல்லு. வேணாம்னா கிழிச்சிப் போட்டுடறேன்.”

“வாசிங்க. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்.”

இதோ, முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். தேவாண்ணா எனக்கு அனுப்பிய மன்னிப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செய்யாத காரியத்துக்கு வந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று முருகன் கேட்பார். இல்லை முருகன். ஒருநாள் முடியலாம், இன்றைக்கு முடியவில்லை. அந்தச் சீட்டைச் சுரண்டி எடுக்க என்னிடம் கிரைண்டர் இருக்கிறது. எடுக்கவில்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் போய்ப் படுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மிருகத்தின் முன்னங்கால்கள் இரண்டும் இன்றும் சரியாக இருக்கின்றன, கட்டைவிரலில் ஒற்றை நகத்தோடு. உள்ளே என் தப்பின்மேல் ‘தேவசகாயம்’ என்று எழுதியிருக்கிறது. மூன்று நாள் உளியோடு குனிந்து உட்கார்ந்திருந்தாரே, அந்த தேவாண்ணாவை நான் வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்த தேவாண்ணாவை ஷெட்டுக்காரர்கள் நீங்கள் எட்டுப் பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அவரை நம்பி, பதினொரு வருடம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியவர்கள் நீங்கள்தான்.